தலைமடையில் இறங்கும் தண்ணீர்: பெங்களூரைச் சுற்றி ஒரு பாசன அளவீட்டுப் பயணம்

ஞாயிறு: எஸ்.ஜே.பி. ரோடு, ஹெப்பாள்

பெங்களூரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் மூன்று விதத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வரும் போர் தண்ணீர் ஒன்று. நகரத்துக் கழிவு கலந்து கிழக்கே ஓடும் ஏரித் தண்ணீர் இன்னொன்று. மண்டியா பக்கம் போனால் காவிரிக் கால்வாய். தக்காளியும் திராட்சையும் பெரும்பாலும் சொட்டுநீருக்கு மாறிவிட்டன. கீரை, பூ, மல்பெரி, தீவனப்புல், கரும்பு, நெல் எல்லாம் இன்னும் சாலிலும் (இரு மண்மேட்டுக்கு நடுவே ஓடும் நீளப் பள்ளம்) பாத்தியிலும்தான் பாய்கின்றன. அதில் எவ்வளவு வேருக்குப் போகிறது, மீதி எங்கே போகிறது என்று வயலிலேயே அளந்து பார்ப்பதுதான் இந்த வாரத்து வேலை. ராத்திரிக்கு ராத்திரி ஒரு பதிவு வரும்.

இன்று சாமான் சேர்க்கும் நாள். ஹெப்பாளில் 1964-இல் தொடங்கிய வேளாண் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆய்வகச் சாமான் கிடைக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும். பாதியை இரும்புச் சாமான் கடைத்தெருவான எஸ்.ஜே.பி. ரோட்டிலேயே செய்துகொள்ளலாம்.

முதலில் வி நாட்ச் பலகை, அதாவது வாய்க்காலின் குறுக்கே வைத்து ஓடும் தண்ணீரை அளக்க V வடிவில் வெட்டிய தகடு. 2 மி.மீ. ஜி.ஐ. தகட்டில் 90 பாகை வெட்டு, ஆழம் 20 செ.மீ. தண்ணீர் விழும் பக்கமாக விளிம்பைச் சாய்வாகச் சீவச் சொல்ல வேண்டும். மொட்டையாக விட்டால் தண்ணீர் தகட்டோடு ஒட்டி வழியும், அளவு தப்பும். ஸ்கேலை வெட்டிலேயே ஒட்டிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. வெட்டுக்கு அருகில் தண்ணீர் சரிந்து இறங்குவதால் அங்கே உயரம் குறைவாகத்தான் தெரியும். அதிகபட்ச உயரத்தைப் போல் நான்கு மடங்கு பின்னால், அதாவது 80 செ.மீ. தள்ளி ஸ்கேல் நிற்க வேண்டும். அதன் பூஜ்யம் வெட்டின் அடிமுனைக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். இந்த மட்டத்தில் 2 மி.மீ. பிசகினாலும் 5 செ.மீ. உயரத்தில் ஓடும் தண்ணீரில் 10 சதவீதம் தப்பு வரும்.

கணக்கு எளிது. உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து அதன் 2.5 அடுக்கை 0.0138-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர்.

மற்றவை: 3 அங்குலப் பார்ஷல் ஃப்ளூம் (நடுவில் குறுகும் தொட்டி, அதன் வழியே தண்ணீரை விட்டு அளப்பது), 30 செ.மீ., 60 செ.மீ. விட்டத்தில் இரண்டு இரும்பு வளையங்கள், மண் எடுக்க ஆகர், மூடியுள்ள அலுமினிய டப்பாக்கள், 0.1 கிராம் காட்டும் தராசு, ரசமட்டம், டியூப் மட்டம், 50 மீட்டர் டேப், சிவப்புத் துணி கட்டிய மூங்கில் முளைகள், இரண்டு ஸ்டாப்வாட்ச். போனில் நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சேற்றுக் கையோடு திரையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

திங்கள்: ஆனேக்கல்

அத்திப்பள்ளி தாண்டி உள்ளே போனால் பூத்தோட்டங்கள். வேலை செய்பவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் நிறைய இருப்பதால் பேச்செல்லாம் தமிழில்தான்.

"போர்ல எவ்ளோ தண்ணிண்ணா வருது?"

"ரெண்டு இஞ்சு வருது தம்பி. போட்டப்போ மூணு இஞ்சு. ஒரு இஞ்சுதான் கொறஞ்சிருக்கு."

இந்த இஞ்சு, போர் போடுகிறவர்கள் வி நாட்ச்சில் பார்க்கும் உயரம். 3 இஞ்சு என்றால் நொடிக்கு 2.2 லிட்டர். 2 இஞ்சு என்றால் 0.8 லிட்டர். ஒரு இஞ்சு குறைந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் போய்விட்டது. பயிர்ப் பரப்பை மட்டும் மூன்று இஞ்சுக் காலத்து அளவிலேயே வைத்திருப்பார்கள். ஆனேக்கல்லில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

தோட்டம் செண்டுமல்லி. மண் மணற்பாங்கான செம்மண். சால் 90 மீட்டர் நீளம், பாருக்குப் பார் (சால்களுக்கு நடுவே உள்ள மண்மேடு) 75 செ.மீ., சரிவு 100 மீட்டருக்கு 40 செ.மீ. சால் முழுக்கப் பத்து மீட்டருக்கு ஒரு முளை, கூடவே நடுவில் 45-இல் ஒன்று. பாய்ச்சுவதற்கு முன் தலைமடை (தண்ணீர் நுழையும் முனை), நடு, கடைமடை (கடைசி முனை) மூன்று இடத்திலும் 0-15, 15-30 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்து டப்பாவில் மூடிவிட வேண்டும். ஆய்வக அடுப்பில் 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் காய வைப்பதுதான் முறை. வயலிலேயே விடை வேண்டுமென்றால் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, ஆறியதும் எடை போட்டு, எடை மாறாத வரை திரும்பச் செய்யலாம். கரிமச்சத்து குறைந்த செம்மண்ணுக்கு இது சரிப்படும். தொழுவுரம் அதிகம் போட்ட மண்ணில் உரமும் சேர்ந்து எரிந்து ஈரம் கூடுதலாகக் காட்டும்.

ஈரம் எடைக்கு 9.5 சதவீதம். இந்த மண் தாங்கிக்கொள்ளும் உச்ச ஈரம் 15. மண்ணின் அடர்த்தி 1.5, வேர் ஆழம் 30 செ.மீ. ஆக 5.5 சதவீதப் பற்றாக்குறை என்பது 2.5 செ.மீ. தண்ணீர். செடிக்கு வேண்டியது இவ்வளவே. மேலே ஒரு சொட்டு விட்டாலும் வேருக்குக் கீழேதான் இறங்கும்.

மோட்டார் போட்டதும் தண்ணீர் நுனி ஒவ்வொரு முளையையும் தொடும் நேரம் ஒரு ஆள் குறிக்கிறார். 45-ஆவது மீட்டரைத் தொட 18 நிமிடம். 90-ஐத் தொட 62 நிமிடம். முதல் பாதிக்கு 18, அடுத்த பாதிக்கு 44. ஓட ஓடச் சால் குடித்துவிடுவதால் நுனிக்கு வரும் தண்ணீர் மெலிந்துகொண்டே போகிறது. கடைசியில் மீட்டருக்கு மீட்டர் நின்று நின்றுதான் நகர்ந்தது. மேல் பாதியில் அத்தனை நேரமும் தண்ணீர் நின்றபடி உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது.

70-ஆவது நிமிடத்தில் மடை மாற்றினார்கள். அப்புறம் ஒவ்வொரு முளையிலும் தண்ணீர் மறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். எது மறைந்தது என்பதில் ஆளுக்கு ஆள் கண் வேறுபடும். சாலின் அடி பாதிக்கு மேல் தெரிந்தால் மறைந்ததாகக் கொள்வது என்று முதலிலேயே பேசிவைத்து, ஒரே ஆள் கடைசிவரை பார்க்க வேண்டும். தொட்ட நேரத்துக்கும் மறைந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்த இடத்தில் மண் குடித்த நேரம். தலைமடையில் 72 நிமிடம், கடைமடையில் 18.

மொத்தம் விட்டது 3,360 லிட்டர், சாலின் பரப்பில் பரப்பினால் 5 செ.மீ. கடைமடை அடைபட்டிருப்பதால் வெளியே ஒரு சொட்டும் வழியவில்லை. இறங்கிய ஆழத்தை நிமிடத்தின் 0.6 அடுக்கோடு ஒட்டிப் பார்த்தால் தலைமடையில் 6.1 செ.மீ., நடுவில் 5.3, கடைமடையில் 2.7. தேவை எங்கும் 2.5. போட்டதில் பாதி வேருக்குக் கீழே போயிற்று. பாசனத் திறன், அதாவது விட்டதில் வேர்ப்பகுதியில் தங்கிய பங்கு, 50 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது, எங்கே பார்த்தாலும் குறை தெரியவில்லை என்பதுதான். கடைமடைச் செடி வாடவில்லை. வரப்புக்கு வெளியே சேறு இல்லை. "தண்ணி வீணாகலையே, ஒரு சொட்டு வெளிய போச்சா பாருங்க" என்கிறார் தோட்டக்காரர். சரிதான், வெளியே போகவில்லை, கீழே போயிருக்கிறது. மறுநாள் தலைமடையில் ஆகர் போட்டால் 60 செ.மீ.க்குக் கீழே மண்ணைக் கையில் உருட்ட முடியும், அவ்வளவு ஈரம்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. அதே சாலின் நடுவில் வெட்டி, 45 மீட்டரில் ஒரு குறுக்கு வாய்க்கால் கொடுத்தால் ஒவ்வொரு பாதிக்கும் 23 நிமிடம் போதும் என்று கணக்கு வருகிறது. இரண்டு பாதிக்கும் சேர்த்து 46. இப்போது ஆவது 70. திறன் 77 சதவீதம் வரை ஏறும். குறுக்கு வாய்க்காலுக்கு ஓர் அடி நிலம் போகும், அதற்குத்தான் முகம் சுளிக்கிறார்கள்.

இன்னொரு வழி தொட்டி. நொடிக்கு 0.8 லிட்டர், மும்முனை மின்சாரம் 7 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 20,160 லிட்டர். அதைத் தார்ப்பாய் விரித்த குழியில் சேர்த்து, ஒரேயடியாக நொடிக்கு 6 லிட்டராகத் திறந்து நான்கு சாலுக்குப் பிரித்தால் சாலுக்கு 1.5 லிட்டர். நுனி விறுவிறுவென்று ஓடிவிடும். எவ்வளவு வேகம் தாங்கும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 0.6-ஐச் சரிவின் சதவீதத்தால் வகுத்தால் சால் அரிக்காமல் தாங்கும் உச்ச அளவு, நொடிக்கு லிட்டரில். 0.4 சதவீதச் சரிவுக்கு அது 1.5. அதற்கு மேல் விட்டால் தலைமடைப் பார் கரையும்.

அளக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பக்கத்துச் சால்கள் காய்ந்து கிடந்தால் அளக்கும் சால் பக்கவாட்டிலும் குடிக்கும். இருபுறமும் ஒவ்வொரு சாலை முதலில் நனைத்துவிட்டு நடுச் சாலை அளக்க வேண்டும். டில்லர் சக்கரம் ஓடிய சாலில் மண் இறுகியிருப்பதால் தண்ணீர் வேகமாக ஓடும். அதை மட்டும் அளந்துவிட்டுத் தோட்டம் முழுக்க அப்படித்தான் என்று எழுதக்கூடாது, இரண்டு விதச் சாலிலும் அளக்க வேண்டும்.

செவ்வாய்: முகளூர்

பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து வழிவது தென்பெண்ணையில் சேர்ந்து முகளூர் வழியாக ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அணையில் நுரை பொங்கினால் ஓசூர்க்காரர்கள் பெங்களூரைத் திட்டுவது இதனால்தான். ஆற்றோரம் கீரை, தீவனப்புல், கொஞ்சம் நெல். மோட்டார் வைத்து இறைத்து மண் வாய்க்காலில் விடுகிறார்கள்.

இங்கே வி நாட்ச் உதவாது. பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை வேர், துணி என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டில் சிக்கும், உயரம் ஏறும், வராத தண்ணீரை வந்ததாகக் காட்டும். பார்ஷல் ஃப்ளூம்தான் சரி, குப்பை தானாகக் கடந்துவிடும். 3 அங்குல ஃப்ளூமில் மேல்பக்க உயரம் 15 செ.மீ. என்றால் நொடிக்கு 9.4 லிட்டர். ஆனால் கீழ்ப்பக்க உயரம் மேல்பக்கத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 7.5 செ.மீ.க்கு மேல் பின்தேக்கம் இருந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வாய்க்காலில் சரிவு குறைவாக இருக்கும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். ஃப்ளூமின் தரையை வாய்க்கால் அடியைவிட 5 செ.மீ. உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பக்கவாட்டில் களிமண் அடைத்து மிதிக்காவிட்டால் தண்ணீர் ஃப்ளூமைச் சுற்றிக்கொண்டு போகும்.

கீரைப் பாத்தி 4 மீட்டருக்கு 2.5 மீட்டர். 2 செ.மீ. தண்ணீர் போதும், அதாவது 200 லிட்டர். நொடிக்கு 5 லிட்டர் வரும் வாய்க்காலில் அது 40 நொடி வேலை. ஆனால் யாரும் 40 நொடியில் மடை கட்டுவதில்லை, காரணம் பாத்தியின் மட்டம். ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் 4 செ.மீ. வித்தியாசம் இருந்தால், மேட்டு ஓரத்தில் 2 செ.மீ. நிற்பதற்குள் பள்ளத்தில் 6 செ.மீ. நிற்கும். சராசரி 4. தேவையைப் போல் இரண்டு பங்கு. எவ்வளவு நல்ல மோட்டாரானாலும் இந்தக் கணக்கு மாறாது. மட்டப்பலகை ஓட்டி வித்தியாசத்தை 1.5 செ.மீ.க்குள் கொண்டுவந்தால், வேறெதையும் தொடாமலே தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கீரை முப்பது நாளில் அறுவடையாகிவிடும், அடுத்த விதைப்புக்கு முன் மட்டம் தட்ட நேரம் கிடைக்கும்.

மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று காட்டும் இரட்டை வளையத்தை இங்கே நல்ல தண்ணீரில் சோதிப்பது பயனற்றது. வயலில் பாயும் தண்ணீரையே ஊற்ற வேண்டும். கழிவுநீரின் நுண்துகள் மண்ணின் வாயை அடைத்துவிடுவதால் ஊடுருவல் குறைந்துகொண்டே வரும், பைப் தண்ணீர் ஊற்றினால் அது தெரியாது. வளையத்தை 10 செ.மீ. ஆழம், மேலே பலகை வைத்து நேராக அடிக்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் ஒரு பக்கம் விரிசல் விட்டு அதன் வழியாகத் தண்ணீர் ஓடும். வெளி வளையத்தில் தண்ணீர் வற்றவிடக்கூடாது. 5, 10, 15, 20, 30, 45, 60, 90, 120 நிமிடங்களில் உள் வளையத்தின் இறக்கத்தைக் குறிக்க வேண்டும். பாத்திக்கும் நெல்வயலுக்கும் இந்த எண் பொருந்தும். சாலுக்குப் பொருந்தாது, சால் பக்கவாட்டிலும் குடிக்கும்.

உப்பு விஷயமும் இங்கே வருகிறது. பாசன நீரின் மின்கடத்துதிறன் (அதில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு, மீட்டருக்கு டெசிசீமன்ஸில்) 1.2, பயிர் தாங்கும் மண் உப்பு 2.5 என்றால், உப்பைக் கழுவ வேண்டிய கூடுதல் தண்ணீர்: 1.2-ஐ, 2.5-இன் ஐந்து மடங்கிலிருந்து 1.2 கழித்து வருவதால் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 11 சதவீதம். இந்தத் தண்ணீர் வேருக்குக் கீழே போகத்தான் வேண்டும், நட்டக் கணக்கில் எழுதக்கூடாது. கழிவுநீர் வயலில் 100 சதவீதத் திறனைத் துரத்துகிறவர் சில வருடத்தில் வெள்ளை பூத்த மண்ணைத்தான் பார்ப்பார்.

கம்பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாமல் இந்த வாய்க்காலில் இறங்க வேண்டாம்.

புதன்: கோலார்

காவிரியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டுவரும் தண்ணீர், குழாயில் வந்து, சாக்கடையில் போய், சுத்திகரிக்கப்பட்டு, மறுபடி பம்ப் செய்யப்பட்டு கோலார் ஏரிகளுக்கு வருகிறது. கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம், 2018-இல் தண்ணீர் வரத் தொடங்கியது. திட்ட அளவு நாளைக்கு 44 கோடி லிட்டர். நோக்கம் நிலத்தடி நீரை ஏற்றுவது. ஏரியில் நேராக மோட்டார் வைத்து இறைக்க அனுமதி இல்லை. ஏரி கீழே விடுகிறது, விவசாயி போரில் எடுக்கிறார்.

அப்படியானால் ஆனேக்கல் சாலில் வேருக்குக் கீழே இறங்கிய பாதியும் எங்கோ ஒரு போருக்குத்தானே போகும், அதை ஏன் நட்டம் என்கிறீர்கள் என்று இங்கே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இறங்குவதில் ஒரு பங்கு மீண்டு வரும் என்பது உண்மை. ஆனால் அதை மறுபடி மேலே தூக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு 2.5 செ.மீ. என்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர். 300 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, பம்பு-மோட்டார் திறன் 40 சதவீதம் என்று வைத்தால், 200 யூனிட் மின்சாரம். பாசனத் திறன் 50 சதவீதமானால் அதே ஏக்கருக்கு 400 யூனிட். கர்நாடகத்தில் 10 குதிரைத்திறன் வரை விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த 200 யூனிட் யார் கண்ணிலும் படுவதில்லை. போகிற போக்கில் யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகும். அதே போரிலிருந்துதான் வீட்டுக்கும் குடிதண்ணீர்.

அளந்தது மல்பெரித் தோட்டம். போரிலிருந்து தோட்டத்துக்கு 120 மீட்டர் மண் வாய்க்கால். தொடக்கத்தில் ஒரு வி நாட்ச், முடிவில் ஒன்று. வாய்க்கால் முழுக்க நனைந்து இரண்டு பலகையிலும் உயரம் அசையாமல் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். முதல் பதினைந்து நிமிடத்து எண்ணை எழுதினால் நட்டம் பயங்கரமாகத் தெரியும். நிலைத்த பிறகு மேலே 2.2 லிட்டர், கீழே 1.7. நொடிக்கு அரை லிட்டர் வழியில் போகிறது. 7 மணி நேரத்துக்கு 12,600 லிட்டர்.

எங்கே போகிறது என்று வாய்க்காலோடு நடந்தால் தெரிந்துவிடும். நண்டு வளை, எலி வளை, புல் முளைத்துக் கரை தளர்ந்த இடம். மேடான கரைப்பகுதியில் வெளிப்பக்கம் பச்சைப் புல் தனியாகக் கொழித்திருந்தால் அங்கே கசிவு. வளைகளைக் களிமண்ணால் அடைத்து மிதித்தால் பாதி குறையும். சுருட்டி வைக்கும் ஹோஸ் போட்டால் முழுக்க நிற்கும், ஆனால் வெயிலில் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். குழாயைப் புதைப்பதே மேல்.

இந்தத் தோட்டத்தில் ஒரு நல்ல காரியம் பார்த்தோம். செடிகள் இரட்டை வரிசை: 3 அடி இடைவெளியில் இரண்டு வரிசை, அடுத்த ஜோடிக்கு 5 அடி. தண்ணீர் 3 அடிச் சாலில் மட்டும். 5 அடி இடைவெளி காய்ந்தே கிடக்கிறது, களையும் குறைவு. இலை பறிக்கிறவர்களுக்குச் சேறு இல்லாத பாதையும் அதுதான்.

வியாழன்: பயணம்

கோலாரிலிருந்து திரும்பி, ஊரைக் கடந்து, மைசூர் ரோடு. ஃப்ளூமை பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டரிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. மத்தூரில் வடை. மண் டப்பாக்களை எடை போட்டு முடித்ததைத் தவிர இன்று வேறொன்றும் நடக்கவில்லை.

வெள்ளி: மண்டியா

இதுவரை பார்த்தது தண்ணீர் போதாத ஊர். இங்கே கிருஷ்ணராஜ சாகரின் இடதுகரையிலிருந்து வரும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய், பழைய பெயர் இர்வின் கால்வாய். முறை வந்தால் மடையில் தண்ணீர் கொட்டும். குறை நேர் எதிர்ப்பக்கம்.

கரும்புத் தோட்டம், சரிவு 0.3 சதவீதம், ஆகவே சாலுக்கு உச்சம் 2 லிட்டர். மடையில் வருவது 24 லிட்டர். பன்னிரண்டு சாலைத் திறந்தால் சரியாக வரும். ஆள் குறைவு என்று ஆறு சாலைத் திறந்துவிட்டுப் போகிறார்கள். சாலுக்கு 4 லிட்டர். தலைமடையில் பார் அறுத்து, மண் கடைமடையில் மேடு தட்டி, வயல் ஒவ்வொரு பாய்ச்சலிலும் மட்டம் கெடுகிறது. கடைமடை திறந்திருந்தால் வழியும் தண்ணீரைச் சிறிய வி நாட்ச் வைத்து அளக்கலாம். 5 செ.மீ. உயரம் நின்றால் நொடிக்கு 0.77 லிட்டர் வெளியே போகிறது. நுனி கடைசியைத் தொட்டதும் பக்கத்துப் பன்னிரண்டு சாலையும் திறந்து வரத்தைப் பாதியாக்கினால் வழிவது அடங்கும். ராத்திரி முறை வந்தால் இதைச் செய்ய ஆள் கிடைக்காது. அதனால் ராத்திரி முறைக்காரர் தொடக்கத்திலேயே பதினாறு சாலைத் திறந்து, 1.5 லிட்டர் வீதம் விட்டுவிட்டுத் தூங்குவது தேவலை. திறன் கொஞ்சம் குறையும், பார் நிற்கும்.

பெரிய வாய்க்காலில் ஃப்ளூம் வைக்க வழியில்லை. நேரான பத்து மீட்டர், அதில் எலுமிச்சம்பழம் ஒன்று. ஐந்து முறை விட்டு சராசரி எடுத்து, மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும், அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால். அகலம் 90 செ.மீ., ஆழம் 25 செ.மீ., பழம் 28 நொடியில் கடந்தால் நொடிக்கு 68 லிட்டர். பத்து சதவீதம் அப்படி இப்படி இருக்கும். மடைக்கு மடை ஒப்பிட இது போதும்.

நெல்லில் வயலுக்கு வயல் வழிந்து போகும் பழைய முறைதான். அடுத்தவர் வயலுக்குப் போவதை நட்டம் என்று எழுதுவதில்லை, கிராமம் முழுக்கச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடைசியில் வடிகாலில் இறங்குவதையும் கீழே ஒரு ஊர் அணை கட்டி எடுத்துக்கொள்கிறது. ஆனால் மேல் வயல்காரர் யூரியா போட்டு இரண்டு நாள் மடையை அடைக்காவிட்டால் உரம் கீழ் வயலுக்கு. இதில் வரும் சண்டையைத் தீர்க்க எந்தக் கருவியும் இல்லை.

இறங்கும் தண்ணீரை அளக்க இரண்டு டிரம், ஒன்று அடியுள்ளது, ஒன்று அடி வெட்டியது. இரண்டையும் சேற்றில் புதைத்து, வயல் மட்டத்துக்கு மண் நிரப்பி, ஒரே அளவு தண்ணீர் விட வேண்டும். அடியுள்ளதில் குறைவது ஆவியும் பயிர் குடிப்பதும். அடியில்லாததில் கூடுதலாகக் குறைவது கீழே இறங்குவது. இரண்டு டிரம்மிலும் ஒரே எண்ணிக்கையில் நாற்று இருக்க வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம்.

எப்போது பாய்ச்சுவது என்பதற்குப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். 15 செ.மீ. விட்டம், 40 செ.மீ. நீளம், கீழ்ப் பாதியில் ஓட்டைகள். அந்தப் பாதியைப் புதைத்து உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும், வேர் அதுவரை எட்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் இந்த விளையாட்டு கூடாது, 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். போர் வைத்திருப்பவருக்கு இது அருமையான முறை. கால்வாய்க்காரருக்கு முறை எப்போது வருமோ அப்போதுதான் தண்ணீர். குழாய் வறண்டு காட்டினாலும் அவரால் மடையைத் திறக்க முடியாது.

சனி: மறுபடி ஆனேக்கல்

முடிவைச் சொல்லும் நாள். "உங்கள் பாசனத் திறன் 50 சதவீதம்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், மடை பழையபடிதான் கட்டப்படும். நிமிடமாகச் சொன்னாலும் முழுப் பயனில்லை. மின்னழுத்தம் இறங்கினால் 23 நிமிடத்தில் வரும் தண்ணீரும் குறையும். அதனால் முளையாகச் சொல்லிவிட்டோம்: சாலின் நடுவில் வெட்டுங்கள், நுனி 45-ஆவது மீட்டர் முளையைத் தொட்டதும் ஐந்து நிமிடம் எண்ணி மடை மாற்றுங்கள். அழுத்தம் குறைந்த நாளில் நுனியும் தாமதமாகத்தான் தொடும், கணக்கு ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும்.

பாய்ச்சிய மறுநாள் காலையில் இரண்டு இடத்தில் ஆகர் போட வேண்டும். கடைமடையில் 25 செ.மீ. ஆழத்து மண் கையில் உருண்டை பிடித்தால் போதுமான தண்ணீர் போயிருக்கிறது. தலைமடையில் 50 செ.மீ. ஆழத்திலும் உருண்டை பிடித்தால் ஐந்து நிமிடத்தை மூன்றாக்கலாம். கடைமடை உதிர்ந்தால் ஏழாக்க வேண்டும். களை எடுத்துச் சாலைக் கொத்திவிட்ட பிறகு வரும் முதல் பாய்ச்சலில் மண் அதிகம் குடிக்கும். அந்த ஒரு தடவை எண்ணிக்கையைப் பார்க்காமல் ஆகரை மட்டும் பார்த்தால் போதும்.